கால் சிரைக்கு இதயத்தில் வேலை: பைபாஸ் கிராஃப்ட் தடிப்பதும் அதைத் தடுப்பதும்

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘லிமா டு எல்ஏடி, எஸ்விஜி டு ஓஎம், எஸ்விஜி டு பிடிஏ’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். மாத்திரைப் பட்டியலைப் பத்திரப்படுத்தும் வீடுகளில்கூட இந்த வரியை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய வரி அதுதான். அடைத்த இதயத் தமனிக்கு மாற்றுவழியாகத் தைக்கும் குழாய்தான் கிராஃப்ட். எல்ஏடி, ஓஎம், பிடிஏ மூன்றும் அந்தக் குழாய் போய்ச் சேரும் இதயத் தமனிகள். லிமா என்பது மார்பெலும்பின் இடது ஓரமாக உள்ளே இறங்கும் தமனி. எஸ்விஜி என்பது காலிலிருந்து எடுத்த சிரை. பேச்சில் இரண்டையுமே ‘நரம்பு’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. லிமாவை இதயத்தின் முன்பக்கத் தமனியான எல்ஏடியோடு இணைத்தால் 10 ஆண்டுகள் கழித்தும் 100-ல் 90-க்கு மேல் திறந்தே இருக்கும். கால் சிரையில் முதல் ஆண்டிலேயே 100-ல் 10 முதல் 20 வரை அடைத்துப்போகும். 10 ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி மூடியிருக்கும், அல்லது மோசமாகச் சுருங்கியிருக்கும்.

இவ்வளவு வித்தியாசம் தெரிந்தும் கால் சிரையை ஏன் எடுக்கிறார்கள்? நீளம்தான் காரணம். கணுக்காலிலிருந்து தொடை இடுக்குவரை தோலுக்கடியில் ஓடும் சிரை அது. மூன்று நான்கு கிராஃப்ட்டுக்குத் தாராளமாகப் போதும். எடுத்துவிட்டாலும் காலின் ஆழத்தில் உள்ள சிரைகள் ரத்தத்தை மேலே கொண்டுபோய்விடும். அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் பைபாஸை ஒரு முறையான சிகிச்சையாக நிலைநிறுத்தியது இந்தச் சிரையைக் கொண்டுதான். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் கையால் நடந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் உலகம் முழுக்க மிக அதிகமாகத் தைக்கப்படும் கிராஃப்ட் கால் சிரையே.

அது ஏன் தடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மாத்திரைகளுக்கும் ஆபரேஷன் மேசைக்கும் உள்ள பங்கு தானாக விளங்கும். படுத்திருக்கும்போது கால் சிரைக்குள் அழுத்தம் 10 மி.மீ. பாதரச அளவில்தான் இருக்கும். நிற்கும்போது கணுக்கால் பக்கம் கூடும் என்றாலும் அது அசையாமல் நிற்கும் நீரின் பளு போன்றது, துடிப்பு கிடையாது. அந்தக் குழாயை, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் தைத்த கணத்திலிருந்து 120/80 என்ற அழுத்தம் நாளுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை அதை அடிக்கிறது. குழாய்ச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்தால் வருவது. அழுத்தம் பத்து மடங்கு ஏறிவிட்டது, ஆரமும் விரிந்துவிட்டது. சிரையின் கையில் மிச்சம் இருப்பது தடிமன் ஒன்றுதான். அதைக் கூட்டுகிறது. ஆகவே தடிப்பதெல்லாம் நோய் என்று சொல்ல முடியாது. சிரை தமனியாக மாறப் பார்க்கிறது. தேவையான அளவோடு நிற்காமல் உள்பக்கமாக வளர்ந்துகொண்டே போகும்போதுதான் அது நோயாகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிரையை 2 மி.மீ. இதயத் தமனியில் தைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் ரத்தத்தின் அளவு ஒன்றே. ஆனால் சிரைக்குள் ரத்தத்தின் வேகம் நாலில் ஒரு பங்காகவும், சுவரை ரத்தம் உரசிச்செல்லும் விசை எட்டில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். சிரையின் உள்முகத்தில் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் எண்டோதீலியம் செல்கள் அந்த உரசலை உணர்ந்துதான் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டாமலும், நடுச்சுவரின் மென்தசைச் செல்கள் பெருகாமலும் கட்டிவைப்பது அந்த நைட்ரிக் ஆக்சைடு. உரசல் குறைந்தால் கட்டு தளர்கிறது. மென்தசைச் செல்கள் உள்படலத்துக்குள் நகர்ந்து, பெருகி, தம்மைச் சுற்றி நார்ப்பொருளைக் கொட்டுகின்றன. ‘பெரிய குழாயாக வைத்தால் நிறைய ரத்தம் போகுமே’ என்ற எண்ணம் இங்கே தலைகீழ். அகன்ற சிரையும் சுருள்நரம்பு கண்ட சிரையும் மோசமான கிராஃப்ட்டுகள்.

கெட்டுப்போவது மூன்று கட்டங்களில் நடக்கிறது. முதல் மாதத்தில் அடைப்பது உறைகட்டியால். சிரை எடுக்கும்போது எண்டோதீலியம் உரிந்துபோன இடங்களில் தட்டணு ஒட்டி ரத்தம் உறைகிறது, அல்லது தையலிலோ குழாயின் வளைவிலோ கோளாறு இருக்கிறது. ஒரு மாதத்திலிருந்து ஓராண்டு வரையிலானது உள்சுவர்த் தடிப்பின் காலம். எல்லாக் கால் சிரையிலும் இது கொஞ்சமாவது வரும். பெரும்பாலும் இது மட்டுமே குழாயை மூடிவிடாது. ஆனால் தையல் வாய், சிரையின் பழைய வால்வு இருக்கும் இடம், கிளை முடிச்சு ஆகிய இடங்களில் மட்டும் கழுத்தை நெரிப்பதுபோல இறுக்கலாம். ஓராண்டுக்குப் பிறகு இந்தத் தடித்த படலத்தில் கொழுப்பு இறங்குகிறது. சொந்த இதயத் தமனியில் 40, 50 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் கொழுப்புப் படிவு, இங்கே 5 முதல் 10 ஆண்டுகளில் வந்துவிடுகிறது. வருவதும் மிருதுவானது, எளிதில் பொடிந்து உதிரக்கூடியது.

எல்லாக் கட்டத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. நிறையக் குழப்பம் இதை மறப்பதால்தான் வருகிறது. முதல் மாதத்தைக் காப்பது ஆஸ்பிரினும் சர்ஜனின் கையும். ஓராண்டுக்குப் பிந்தைய காலத்தைக் காப்பது ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொழுப்பைக் குறைப்பது. நடுவில் உள்ள அந்தத் தடிப்புக் காலத்துக்கு என்று நேரடி மருந்து இன்றுவரை இல்லை. சிரையை எவ்வளவு பதமாக எடுத்தார்கள் என்பதுதான் அங்கே பெரும்பங்கு.

அதனால் ஆபரேஷன் மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான முறையில் சிரையைச் சுற்றியுள்ள கொழுப்பையெல்லாம் உரித்து, வெறும் குழாயாக எடுக்கிறார்கள். உரிக்கும்போது சிரை இறுகிச் சுருங்கும். சுருக்கத்தை விரிக்கவும், கிளைகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும் சிரிஞ்சால் திரவம் ஏற்றுவார்கள். இதில்தான் பெரிய சேதம். கையால் அழுத்தும் சிரிஞ்சில் அழுத்தம் சர்வசாதாரணமாக 300 மி.மீ.-ஐத் தாண்டிவிடும், அழுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எண்டோதீலியம் திட்டுத்திட்டாகக் கழன்றுவிடும், நடுச்சுவரின் தசையும் கிழியும். சிரிஞ்சுக்கும் சிரைக்கும் நடுவில் அழுத்தத்துக்கு ஒரு வரம்பு வைக்கும் வால்வைப் பொருத்துவது, அல்லது நோயாளியின் தமனி அழுத்தத்தாலேயே விரிய விடுவது இதற்கு மாற்று.

கிளைகளைக் கட்டுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. சிரைச் சுவரை ஒட்டிக் கட்டினால் அந்த இடம் இடுப்புபோல ஒடுங்கும். தள்ளிக் கட்டினால் ஒரு சிறு பை மிஞ்சி, ரத்தம் தேங்கி உறையும். ஒடுங்கிய இடத்துக்கு அப்பால் ரத்தம் சுழித்து ஓடும். பின்னாளில் தடிப்பு வருவதும் அங்கேதான்.

எடுத்த சிரையைத் தைக்கும்வரை எதில் ஊறவைக்கிறார்கள் என்பதைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். சாதாரண உப்புநீரான நார்மல் சலைனின் பி.எச். 5.5 அருகில் இருக்கும். ரத்தத்தின் பி.எச். 7.4. எண்டோதீலியம் அந்த அமிலத்தில் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கிடந்தால் தாங்காது. உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் கலந்த, நோயாளியின் சொந்த ரத்தம் அதைவிட மேல். பி.எச். சரிசெய்த பஃபர் கரைசலும் மேல். அமெரிக்காவின் பிரிவென்ட்-4 ஆய்வில் சேர்ந்தவர்களின் தரவைப் பின்னால் பிரித்துப் பார்த்தபோது, பஃபர் கரைசலில் வைத்த சிரைகள் குறைவாகவே கெட்டிருந்தன. செலவு என்று பார்த்தால் இது மிகச் சொற்பம். இதைச் செய்யாமல் விடுவதற்கு ஒரு நல்ல காரணம்கூட எங்களுக்குத் தெரியவில்லை.

ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில் டொமிங்கோஸ் சோசா 1990-களில் கொண்டுவந்த ‘நோ-டச்’ முறை இன்னும் ஒரு படி போகிறது. சிரையைத் தொடாமல், இரு பக்கமும் சுமார் 5 மி.மீ. கொழுப்புத் திசுவோடு சேர்த்தே எடுப்பது. சிரிஞ்சால் விரிப்பதே இல்லை. சுற்றியுள்ள கொழுப்பு வெளியிலிருந்து ஒரு மெத்தையாகத் தாங்குகிறது, சுவருக்கு உணவூட்டும் நுண்குழல்களும் அறுபடுவதில்லை. அங்கிருந்து வந்த நீண்டகாலக் கணக்கில், சராசரியாக 16 ஆண்டுகள் கழித்து நோ-டச் சிரைகளில் 83 சதவீதம் திறந்திருந்தன. வழக்கமான முறையில் எடுத்தவற்றில் 64 சதவீதம். 2021-ல் சீனாவில் 2655 பேரிடம் செய்த ஆய்வில் 3 மாதத்தில் அடைப்பு 2.8 சதவீதம், வழக்கமான முறையில் 4.8 சதவீதம்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஸ்வீடனை மையமாக வைத்து 900 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஸ்வீட்கிராஃப்ட் ஆய்வில் 2 ஆண்டுகளில் உறுதியான பலன் தெரியவில்லை. காலில் புண் ஆறாமை, சீழ், மரத்துப்போதல் ஆகியவை கூடின. கொழுப்போடு எடுக்கும்போது தோலுக்கடியில் பெரிய பள்ளம் விழுகிறது. சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவருக்கு அந்தக் கால் புண் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். எங்கள் கணிப்பில், பழகிய கை இருக்கும் இடத்தில், கால் நல்ல நிலையில் உள்ளவருக்கு, இன்னும் 15, 20 ஆண்டுகள் ஓட வேண்டிய வயதில் நோ-டச் பொருந்தும். எல்லோருக்கும் ஒரே அச்சாகச் செய்வது பொருந்தாது.

எதிர்முனையில் இருப்பது எண்டோஸ்கோப் வழியாக எடுப்பது. முழங்கால் பக்கம் சுமார் 2 செ.மீ. கீறல் போதும். புண் சீக்கிரம் ஆறும். சிரை அதிகம் இழுபடுகிறது, கிராஃப்ட் சீக்கிரம் கெடுகிறது என்ற பயம் 2009 வாக்கில் வலுவாக இருந்தது. 2019-ல் வந்த ரீகுரூப் ஆய்வு, நன்றாகப் பழகியவர்கள் எடுத்தால் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. ‘நன்றாகப் பழகியவர்கள்’ என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். இந்த முறையில் ஹெப்பரின் கொடுப்பதற்கு முன்பே சிரைக்குள் ரத்தம் தேங்கினால் உள்ளேயே இழையிழையாக உறைந்து, வெளியே தெரியாமல் அப்படியே தைக்கப்பட்டுவிடலாம். அதனால்தான் முன்கூட்டியே கொஞ்சம் ஹெப்பரின் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது கிராஃப்ட்டுக்கு முன்கைத் தமனியை எடுப்பது இன்னொரு வழி. 6 ஆய்வுகளைச் சேர்த்து 2018-ல் வெளியான கணக்கில் 5 ஆண்டுகளில் அது கால் சிரையைவிடக் குறைவாகவே அடைத்தது. ஆனால் சொந்தத் தமனியின் அடைப்பு கடுமையாக இருந்தால்தான் அதைத் தைக்க வேண்டும். அடைப்பு பாதிதான் என்றால் சொந்தக் குழாயின் ரத்தமும் கிராஃப்ட் ரத்தமும் எதிரெதிரே மோதும், முன்கைத் தமனி நூலாகச் சுருங்கிவிடும்.

தைத்து முடித்ததும் ஒவ்வொரு கிராஃப்ட்டிலும் ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி உண்டு. நிமிடத்துக்கு 20 மி.லி.-க்கு மேல் ஓட்டமும், ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் துடிப்புக் குறியீடு 5-க்குள்ளும் இருந்தால் திருப்தி. இல்லையென்றால் நெஞ்சை மூடுமுன் தையலையும் முறுக்கையும் திரும்பப் பார்க்கலாம். ஆபரேஷனுக்கு முன் சர்ஜனிடம் கேட்கக்கூடிய கேள்விகள் இவைதான்: லிமா போடுவீர்களா, சிரையை எந்த முறையில் எடுப்பீர்கள், எதில் ஊறவைப்பீர்கள், ஓட்டத்தை அளப்பீர்களா. கேட்பதில் தவறில்லை.

தடிப்பையே நேரடியாக நிறுத்தப் பார்த்த முயற்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ‘புது மருந்து வந்துவிட்டதாமே’ என்ற கேள்வி ஓய்வதில்லை. எடிஃபோலிகைடு என்ற மருந்தில் சிரையை மேசையிலேயே நனைத்து, மென்தசைச் செல்கள் பெருகும் மரபுச் சுவிட்சை மறிக்கப் பார்த்தார்கள். அதுதான் பிரிவென்ட்-4, 3014 நோயாளிகள், முடிவு 2005-ல் வந்தது. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் குறைந்தது ஒரு சிரையாவது கெட்டவர்கள், மருந்து பெற்றவர்களில் 45.2 சதவீதம், பெறாதவர்களில் 46.3. பலன் இல்லை. ஆனால் ஆளைக் கணக்கில் எடுத்தால் பாதிப்பேருக்கு நெருக்கமாக ஒரு சிரையாவது கெடுகிறது என்ற உண்மையை அந்த ஆய்வுதான் முகத்தில் அறைந்தாற்போலச் சொன்னது. சிரையைச் சுற்றி கோபால்ட்-குரோமியம் கம்பிவலை போட்டு, விரியாமல் தாங்கவைக்கும் முயற்சியும் நடந்தது. வலை போட்ட சிரையில் ஓராண்டில் தடிப்பு சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும் அமெரிக்க ஆய்வில் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் சேர்த்தால் தடிப்பு குறையுமா என்று சிரைக்குள் அல்ட்ராசவுண்ட் விட்டே பார்த்தார்கள், 2010-ல் வந்த கேஸ்கேட் ஆய்வு. தடிப்பு குறையவில்லை. தட்டணு மாத்திரை உறைகட்டியைத் தடுக்கும், சுவர் வளர்வதைத் தடுக்காது.

அதற்காக ஆஸ்பிரினைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆபரேஷன் முடிந்து ரத்தக்கசிவு அடங்கியதும், முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டும். தாமதித்து ஆரம்பிப்பதில் சிரைக்குக் கிடைக்கும் பலன் குறைகிறது. பிறகு வாழ்நாள் முழுக்க, நம்மூரில் வழக்கமாக 75 அல்லது 150 மி.கி. மேலே பூச்சுள்ள மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். வயிற்றெரிச்சல் என்றால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி அமிலம் குறைக்கும் மருந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கவோ கண்புரைக்கோ போகும்போது ‘ரத்தம் நிற்காது’ என்று யாரோ சொன்னார்கள் என ஒரு வாரம் நிறுத்துவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இன்னொன்று, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென். தட்டணுவில் ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை அது முதலில் பிடித்துக்கொள்ளும், அன்றைய ஆஸ்பிரின் வீணாகும். வலிக்குப் பாரசிட்டமால் பரவாயில்லை.

ஆஸ்பிரினோடு டைகாக்ரெலார் என்ற இன்னொரு தட்டணு மாத்திரையைச் சேர்ப்பது பற்றிக் கருத்து இரண்டுபட்டிருக்கிறது. சீனாவில் 500 பேரிடம் செய்த டாகாப் ஆய்வில், 2018-ல், ஓராண்டில் திறந்திருந்த சிரைகள் இரண்டும் எடுத்தவர்களுக்கு 88.7 சதவீதம், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களுக்கு 76.5 சதவீதம். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 கணக்கில் ரத்தக்கசிவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வயதானவர், அல்சர் உள்ளவர், சிறுநீரகம் பலவீனமானவர் இதைத் தாங்க மாட்டார். இதய டாக்டர் ஓராண்டு கொடுத்தால் ஓராண்டு எடுங்கள், நாமாகக் கூட்டவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம்.

எல்டிஎல் விஷயத்தில் ஆதாரம் பழையது, ஆனால் கனமானது. 1997-ல் வந்த போஸ்ட் கேப்ஜி ஆய்வில் ஒரு குழுவின் எல்டிஎல்லை 93 முதல் 97-க்குக் கொண்டுவந்தார்கள், இன்னொரு குழு 132 முதல் 136-ல் இருந்தது. சிரைநோய் முற்றியது முதல் குழுவில் 27 சதவீதக் கிராஃப்ட்டுகளில், இரண்டாவதில் 39 சதவீதம். இன்றைய இலக்கு 70-க்குக் கீழ். ஐரோப்பிய வழிகாட்டி 55-க்குக் கீழ் என்கிறது. ஸ்டாடின் வகை மாத்திரைகளில் அடோர்வாஸ்டாடின் 40 முதல் 80 மி.கி., அல்லது ரோசுவாஸ்டாடின் 20 முதல் 40 மி.கி. என்பது வழக்கமான உயர் அளவு. போதவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்குவதால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் போலத்தான் இறங்கும். அதைவிட வேறு வகைக் கொழுப்பு மாத்திரையான எசிடிமைப் 10 மி.கி. சேர்ப்பது மேல். ஆரம்பித்து 4 முதல் 12 வாரத்துக்குள் ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எல்டிஎல் 60 என்று வந்ததும் ‘நார்மலாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நீண்டகாலத்தில் நடக்கும் பெரிய தவறு. அந்த 60 மாத்திரையால் வந்த 60. நிறுத்திய சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். தசைவலி வந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம், அதை டாக்டர் செய்ய வேண்டும். 2025-ல் வந்த நியூட்டன்-கேப்ஜி ஆய்வில் எவோலோகுமாப் ஊசியால் எல்டிஎல்லை மேலும் வெகுவாக இறக்கியும் 2 ஆண்டுக்குள் சிரைநோய் குறையவில்லை. அப்படியானால் கொழுப்பு மாத்திரையே வீண் என்று சிலர் படிக்கிறார்கள். முதல் 2 ஆண்டில் சிரையைக் கெடுப்பது பெரும்பாலும் கொழுப்பு இல்லை, உறைதலும் தடிப்பும்தான் என்று நாங்கள் படிக்கிறோம். கொழுப்பின் ஆட்டம் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது.

புகை, பீடி, வாயில் அடக்கும் புகையிலை மூன்றும் எண்டோதீலியத்தைத் தாக்கும். இதில் ‘குறைத்துவிட்டேன்’ என்பதற்கு இடமில்லை. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழ் இருக்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன இழுவிசைக் கணக்கில் நம் கைக்கு எட்டும் ஒரே எண் அழுத்தம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7 சதவீதம் அருகில்.

இத்தனைக்குப் பிறகும் கிராஃப்ட் கெடலாம். நடந்தால் நெஞ்சு இறுகுவது, மாடி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சிரைப்பு, தாடைக்கோ இடக்கைக்கோ போகும் வலி வந்தால் வாயு என்று ஒதுக்க வேண்டாம். ஓய்விலும் வலி நிற்கவில்லை என்றால் உடனே 108. பழைய சிரைக்குள் ஸ்டென்ட் வைக்கும்போது பொடிப்பொடியான கொழுப்பு உதிர்ந்து கீழே உள்ள நுண்குழாய்களை அடைக்கும் ஆபத்து இருக்கிறது. அதனால் முடிந்தால் சொந்தத் தமனியைத் திறக்கவே பார்ப்பார்கள். சிரையில்தான் வைக்க வேண்டும் என்றால், உதிர்வதைப் பிடிக்கும் சிறு வடிகட்டியைக் குழாய்க்குள் விரித்துவிட்டு வைப்பார்கள். ஆஞ்சியோவுக்குப் போகும்போது அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும், கிடைத்தால் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை சிரை, மகாதமனியில் எங்கே தைத்தது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு வாயையும் தேடித்தேடிச் சாயம் செலுத்த வேண்டியிருக்கும், அந்தச் சாயம் முழுக்கச் சிறுநீரகத்தின் தலையில்தான் விழும்.